ஊருக்குத் தெரியும், ஆபீஸுக்குத் தெரியாது: ஏரிக்கரையில் ஒரு சாதிச் சான்றிதழ்

இது ஓர் இருளர் பழங்குடிப் பெண்ணுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கிய கதை. முதல் மனு கொடுத்த ஜூன் மாதத்திலிருந்து காகிதம் கைக்கு வந்த மே மாதம் வரை பதினொரு மாதம் ஆனது. பெண்ணின் பெயர், ஊர், தாலுகா எதையும் சொல்லப்போவதில்லை. மாவட்டத்தைச் சொன்னால்கூட எந்த அலுவலகம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் குடும்பத்துக்கு அங்கே இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சென்னையிலிருந்து மின்சார ரயில், அப்புறம் ஷேர் ஆட்டோ, அப்புறம் ஏரிக்கரை மேல் கால் மணி நேர நடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. பெரம்பூரில் இருக்கிறேன். வாரநாட்களில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். சனி, ஞாயிறில் நாலைந்து பேர் சேர்ந்து, கேட்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்போம். முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பட்டா மாறுதல் இப்படி. மனு எழுதத் தெரியும் என்ற தைரியத்தில்தான் இதில் இறங்கினேன். அந்தத் தைரியம் மூன்று மாதத்தைத் தின்றது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பழங்குடிகள் படும் பாடு என்றதும் நகரத்தில் இருப்பவர்களுக்கு அடி, உதை, போலீஸ் ஸ்டேஷன்தான் நினைவுக்கு வரும். இந்த நிகழ்வில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. லஞ்சம்கூடக் கேட்கவில்லை. அதனாலேயே இதை விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஏரிக்கரை

எல்லாக் கிராமத்தையும் போல இங்கேயும் ஊர் என்று ஒன்று, அதற்குக் கிழக்கே காலனி என்று ஒன்று. அரசுப் பதிவுகளிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர் இன்னும் அப்படித்தான் கூவுகிறார். இருளர் வீடுகள் இந்த இரண்டிலும் இல்லை. காலனியையும் தாண்டி, ஏரிக்கரையின் சரிவில் பதினோரு குடிசைகள். ஊரில் ஒரு கிணறு, காலனியில் ஒரு தொட்டி, இவர்களுக்குக் கடைசிக் குழாய். பதினோரு வீடு என்றால் முப்பது ஓட்டுகூடத் தேறாது. எந்தக் கட்சிக்காரரும் கரை ஏறி வந்து கேட்கும் அளவுக்கான எண்ணிக்கை அது இல்லை.

தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகள் 2023 வரை 36 இனங்கள், நரிக்குறவரைச் சேர்த்த பிறகு 37. 2011 கணக்கெடுப்புப்படி எல்லோரையும் சேர்த்து 7.95 லட்சம் பேர், மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம். அதில் இருளர் மட்டும் ஏறத்தாழ 1.9 லட்சம். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு, மிகவும் நலிவடைந்த ஆறு பழங்குடிகளில் ஒன்றாக மத்திய அரசு இவர்களை வைத்திருக்கிறது. மலையில் இருக்கும் இருளர்களை நாம் படத்தில் பார்த்திருக்கிறோம். சமவெளி இருளர் அப்படியில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கமெல்லாம் ஏரி, தோப்பு, வயல் ஓரத்தில் பத்து வீடு, பதினைந்து வீடாகச் சிதறிக் கிடக்கிறார்கள். காடு போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது.

இந்தக் குடும்பத்தில் தாத்தா, ஆயா, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். தாத்தா ஒரு காலத்தில் வயல் எலி பிடித்தவர். வளையைத் தோண்டினால் எலியோடு அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். ஒரு வளையில் சில சமயம் மரக்கால் நெல் இருக்குமாம். அந்த வயல்களில் இப்போது கல் நட்டிருக்கிறார்கள். 'சென்னைக்கு மிக அருகில்' என்று நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோமே, அந்த விளம்பரப் பலகை ஊர் முனையிலேயே நிற்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தபோது இந்த ஊரும் உள்ளே வந்துவிட்டது. ஆக, காகிதத்தில் இவர்கள் சென்னைக்காரர்கள். அப்பா சீமைக் கருவேலம் வெட்டப் போகிறார், இல்லாத நாளில் யாராவது தோப்புக்குக் காவல். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார்.

ஊருக்கு இவர்கள் யார் என்பதில் எந்தக் குழப்பமும் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு யார் வீட்டுக் கொல்லையிலாவது பாம்பு புகுந்தால் டார்ச்சோடு நேராக ஏரிக்கரைக்கு வருவார்கள். மோட்டார் ஒயர் திருடு போனாலும் முதலில் இங்கேதான் வருவார்கள். நான் பழகிய காலத்திலேயே ஒருமுறை அப்படி நடந்தது. இரண்டு நாள் கழித்து ஒயர் வேறு எங்கோ கிடைத்துவிட்டது. வந்து சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எழுபது வயதுத் தாத்தாவை இருபது வயதுப் பையன் "டேய்" என்று கூப்பிடுகிறான், தாத்தா "இன்னா சாமி" என்கிறார். டீக்கடையில் தனிக் குவளை இல்லை. மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், இவர்களுக்குப் பேப்பர் கப், அவ்வளவுதான். கேட்டால் சுத்தம் என்பார்கள். எனக்கும் முதல் நாள் பேப்பர் கப் வந்தது. ஏரிக்கரைக்கு வந்தவள் என்று அதற்குள் தெரிந்திருந்தது.

செங்குன்றம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் இந்தக் குடும்பம் சில வருடம் அட்வான்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டிருந்தது. அட்வான்ஸ் என்றால் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கும் சில ஆயிரம். அது கழியவே கழியாது. நெல் வேகவைத்துக் களத்தில் உலர்த்தும் வேலை ராத்திரியிலும் நடக்கும், வெளியே போக ஒருவர் மட்டும் அனுமதி, மற்றவர்கள் பிணை மாதிரி உள்ளே. பெண்ணுக்கு நாலு வயதாக இருக்கும்போது அதிகாரிகள் வந்து மீட்டார்கள். 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி விடுதலைச் சான்று கொடுத்தார்கள். அப்போதைய திட்டத்தில் மறுவாழ்வுத் தொகை 20,000 ரூபாய். 2016-இல் அதை ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை உயர்த்தினார்கள், இவர்கள் அதற்கு முன்பே விடுபட்டுவிட்டார்கள். (சீக்கிரம் விடுதலையானதும் ஒரு நஷ்டம்தான் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்.)

அந்த விடுதலைச் சான்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு, கூரைச் செருகலில் வைத்திருக்கிறார்கள். அதில் கோட்டாட்சியரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. சாதி என்ற கட்டத்தில் 'இருளர்' என்று எழுதியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவும் என் பிழையும்

பெண் பத்தாம் வகுப்பு தேறினாள். ஏரிக்கரையில் அதுவரை யாரும் தேறியதில்லை. அண்ணன் ஒன்பதோடு நின்று சூளைக்குப் போய்விட்டான். பதினொன்றாம் வகுப்பு உள்ள அரசுப் பள்ளி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். அதை ஒட்டிப் பெண்களுக்கான அரசு நல விடுதி ஒன்று இருக்கிறது. சேர சாதிச் சான்றிதழ் வேண்டும்.

மற்றவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் என்பது தாலுகா அலுவலக வேலை. பழங்குடிக்கு அப்படி இல்லை. 1989 நவம்பர் 11 முதல் தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு படியாக அறிக்கை ஏறி அங்கே போய்ச் சேர வேண்டும்.

இங்கேதான் நான் சறுக்கினேன். மனுவில் இனம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தாத்தாவைக் கேட்டேன். "எங்கள வில்லிங்கன்னுதான் சொல்லுவாங்க" என்றார். அது உண்மைதான். செங்கல்பட்டுப் பக்கத்து இருளருக்கு வில்லியர் என்றும் பெயர் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-லேயே அதைக் குறித்து வைத்திருக்கிறார். நான் அதைப் படித்திருந்தேன். படித்த திமிரில் 'வில்லியர் (இருளர்)' என்று எழுதிக் கொடுத்தேன்.

புதுச்சேரியாக இருந்தால் பிழைத்திருப்பேன். அங்கே 2016-இல் பட்டியலில் சேர்த்தபோது இருளரோடு வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களையும் சேர்த்தே போட்டார்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் இருளர் என்று மட்டும்தான் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, கோரும் இனம் பட்டியலில் இல்லை என்று மனு திரும்பி வந்தது. அடைப்புக்குறிக்குள் இருந்த பெயரை யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. திருத்தித் தர முடியாது, புது மனு போடுங்கள் என்றார்கள். விடுதிச் சேர்க்கை அதற்குள் முடிந்திருந்தது.

பள்ளித் தலைமையாசிரியை, சான்றிதழ் பிறகு தருவதாக ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். காலையில் ஆறே காலுக்குக் கரை இறங்கினால் இரவு ஏழுக்குத் திரும்புவாள். பேருந்து இலவசம் என்பதால்தான் இதுவாவது நடந்தது.

ரெண்டாவது மனுவில் 'இருளர்' என்று ஒரே சொல். இணைப்பாகப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் வைத்தோம். இதில் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. தொடக்கப் பள்ளியில் பெண்ணைச் சேர்த்த ஆசிரியர் அம்மாவிடம் கேட்டு 'இந்து, இருளர்' என்று எழுதியிருந்தார். அண்ணனைச் சேர்த்தபோது இருந்தவர் கேட்கவே இல்லை. காலனி வழியாக வந்த பையன் என்பதால் 'ஆதி திராவிடர்' என்று போட்டுவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், பள்ளிக்கூடப் பதிவேட்டில் இரண்டு சாதி.

விடுதலைச் சான்றையும் வைத்தோம். எனக்கு அதில்தான் பெரிய நம்பிக்கை. கோட்டாட்சியர் பதவியில் இருந்த ஒருவர் இந்தக் குடும்பத்தை இருளர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும்? மேசையில் இருந்த எழுத்தர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கொத்தடிமைன்னு ப்ரூஃப். இருளர்னு ப்ரூஃப் இல்லை மேடம்" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. விதி அப்படித்தான்.

கிராம அளவில் இன்னொரு சிக்கல். இவர்கள் இந்த இனம்தான் என்று ஊரில் இரண்டு பேர் எழுதிக் கொடுத்தால் நல்லது என்று கிராம நிர்வாக அலுவலர் சொன்னார். நான் அலைந்தேன். பாம்புக்கு டார்ச்சோடு வந்த வீடுகளுக்கும் போனேன். ஒருவர் "என்னமோ சொல்லிக்கிறாங்க, நமக்கு எப்படித் தெரியும்?" என்றார். இன்னொருவர் கொஞ்சம் நேர்மையானவர். "இந்தப் பேப்பரு வந்தா அடுத்து பட்டா கேப்பாங்க. அப்புறம் ஏதாவது ஒண்ணுன்னா வன்கொடுமைன்னு நம்ம மேலயே கேஸு" என்று மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். பட்டா பயம் வீண் பயம். அது ஏரிப் புறம்போக்கு, 2007-இன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே யாருக்கும் பட்டா கிடைக்காது. கேஸ் பயத்தில் கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் எடுக்க, பாதிக்கப்பட்டவர் பட்டியல் இனத்தவர் அல்லது பழங்குடி என்று காட்டியாக வேண்டும். சான்றிதழ் இல்லாதவரை "டேய்" என்று கூப்பிடுவதில் ஊருக்கு ஆபத்து இல்லை.

வருடம் முழுவதும் தெரிந்திருந்தது, எழுதிக் கேட்ட அன்றைக்கு மட்டும் ஊருக்கு மறந்துபோனது. இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான், அதிகாரிகள் கூட அப்புறம்தான்.

விசாரணை

ஐப்பசி மழையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆபீஸுக்குப் போகிறோமே என்று பெண்ணிடம் நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னது நான்தான். அவள் தலைவாரிப் பூ வைத்து, கைப்பையில் எல்லாக் காகிதத்தையும் அடுக்கிக்கொண்டு வந்தாள். தாத்தா துவைத்த வேட்டி, மேலே துண்டு.

அதிகாரி வயதில் இளையவர், பொறுமையாகத்தான் பேசினார். பெண்ணைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "பார்த்தா இருளர் மாதிரித் தெரியலையே." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்புறம் கேள்விகள். குலதெய்வம் யார்? கன்னியம்மா. கல்யாணம் எப்படி நடக்கும்? அம்மா சொன்னார். சாவு வீட்டில் என்ன செய்வீர்கள்? தாத்தா சொன்னார். எலி சாப்பிடுவீர்களா? பெண் பேசவில்லை. பள்ளியில் இந்த ஒரு கேள்விக்காகவே அவள் வகுப்பில் யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை என்று பிறகு சொன்னாள்.

கடைசியாக அவர் கொஞ்சம் உற்சாகமாகி, "உங்க ஆளுங்கதானே பத்மஸ்ரீ வாங்கினாங்க? பாம்பு பிடிப்பீங்களா?" என்றார். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது அவருக்கு நினைவில் இருந்திருக்கிறது. நல்லதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலின் நஞ்சையும் எடுத்துத் தருகிறது. நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு அது மூலப்பொருள்.

"பாம்புன்னா எனக்குப் பயம் சார்" என்றாள் பெண்.

அதிகாரி தாத்தாவைப் பார்த்தார். தாத்தா வாயைத் திறப்பதற்குள் நான் இருமினேன். ஏனென்றால் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பவர்களுக்கு வனத்துறை உரிமம் இருக்கிறது, தாத்தாவுக்கு இல்லை. உரிமம் இல்லாமல் பாம்பு பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'ஆமாம் சார், பிடிப்பேன்' என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. 'இல்லை' என்றால் இருளர் இல்லை. தாத்தாவுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "முன்ன புடிச்சேன் சாமி. இப்போ கண்ணு தெரியல" என்றார்.

அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று எங்களுக்குக் காட்டவில்லை. 'கூடுதல் ஆதாரம் தேவை' என்று மட்டும் வாய்மொழியாகச் சொன்னார்கள். தந்தை வழி ரத்த உறவில் யாருக்காவது ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் கொண்டு வாருங்கள். ஏரிக்கரையில் பதினோரு வீட்டிலும் ஒருவருக்கும் கிடையாது.

சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது

அந்த இளைய அதிகாரியை வில்லனாக்கினால் இந்தக் கதை எளிதாக முடிந்துவிடும். ஆனால் தமிழ்நாட்டில் போலிப் பழங்குடிச் சான்று என்பது கற்பனை இல்லை. பெயர் ஒற்றுமையை வைத்துக்கொண்டு, பழங்குடி அல்லாதவர்கள் வங்கியிலும் ரயில்வேயிலும் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வயதில் வழக்கு நடந்த கதைகள் நிறைய. மாநில இட ஒதுக்கீட்டில் பழங்குடிக்கு இருப்பது ஒரு சதவீதம்தான். அதை ஒருவர் திருடினால் நிஜமாகவே ஒரு பழங்குடிப் பிள்ளையின் இடம் போகிறது. வட்டாட்சியரிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கிக் கோட்டாட்சியருக்குக் கொடுத்தது இதற்காகத்தான். 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழ்களைச் சரிபார்க்க மாநில அளவில் கூர்நோக்குக் குழு அமைக்கச் சொன்னதும், விசாரணையில் இனத்தின் தெய்வம், சடங்கு, திருமண முறை, சாவுச் சடங்கு எல்லாவற்றையும் கேட்கச் சொன்னதும் இதற்காகத்தான். தவறான ஆளுக்குக் கையெழுத்துப் போட்ட அதிகாரி பின்னால் பதில் சொல்ல வேண்டிவரும். சரியான ஆளுக்குப் போடாமல் வைத்திருந்த அதிகாரியை யாரும் கேட்கப்போவதில்லை. இதில் எந்தப் பக்கம் சாய்வது பாதுகாப்பு என்று யாருக்கும் தெரியும்.

இந்தத் தெய்வம், சடங்குக் கேள்விகளை நீதிமன்றமே பிறகு கொஞ்சம் தளர்த்தியது. 2011-இல் ஆனந்த் என்பவரின் வழக்கில், இடம்பெயர்வும் நவீன வாழ்க்கையும் வந்த பிறகு பழைய அடையாளங்கள் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது. 2023 மார்ச்சில் மகாராஷ்டிரத்து தாக்கூர் பழங்குடியினரின் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இந்தப் பரிசோதனை ஒன்றையே உரைகல்லாக வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ரெண்டாவது மனுவோடு வைத்திருந்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. என் 'வில்லியர்' அனுபவத்துக்குப் பிறகு, படிக்காததே நல்லது என்றும் தோன்றியது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். போலிகள் விசாரணைக்கு வரும்போது நன்றாகத் தயார் செய்துகொண்டு வருவார்கள். குலதெய்வம், சடங்கு எல்லாம் மனப்பாடமாக இருக்கும். பாம்புக்குப் பயப்படும் பதினாறு வயதுப் பெண் ஒரு போலியாக இருந்திருந்தால், பயம் என்று சொல்லியிருக்கவே மாட்டாள்.

மாமல்லபுரம்

மார்கழி, தை இரண்டும் ஒன்றும் நடக்காமல் போயின. தையில் ஒருநாள் ஆயாதான் சொன்னார், "மாசி மகத்துக்கு வா, அங்க எல்லாரும் இருப்பாங்க." நான் சுண்டலும் ராட்டினமும் இருக்கும் திருவிழா என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மாசிப் பௌர்ணமிக்கு வட மாவட்டத்து இருளர்கள் ஆயிரக்கணக்கில் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். சவுக்குக் குச்சி நட்டு, பழைய புடவையைச் சுற்றிக் கட்டினால் வீடு. ராத்திரி முழுவதும் அங்கேயே சமையல், பாட்டு, தூக்கம். விடியலில் கடலோரம் மணலில் ஏழு படி கட்டி, பூவும் தேங்காயும் வைத்துக் கன்னியம்மாவைக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது, கல்யாணம், பிள்ளைக்குப் பெயர் வைப்பது எல்லாம் அதே மணலில். அந்த நேரத்தில் கடற்கரைக்கோவில் பார்க்க வந்த பயணிகள் இதையும் போட்டோ எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

வருடம் முழுவதும் பத்து வீடு, பதினைந்து வீடாகச் சிதறிக் கிடப்பவர்கள் ஒரு ராத்திரி ஒன்றாகக் கூடுகிறார்கள். உறவுகளைச் சரிபார்த்துக்கொள்ளும் இடம் அது. யார் எந்தச் சூளையில் இருக்கிறார், யார் செத்தார், யாருக்குப் பெண் இருக்கிறது என்று ஒரு ராத்திரியில் எல்லாம் புதுப்பிக்கப்படுகிறது. எந்த வருவாய்த் துறைக் கோப்பும் இவ்வளவு துல்லியமாக இருக்காது.

ஆயா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புடவைக் குடிசைகளுக்கு நடுவே நடந்தார். ஏழெட்டு இடத்தில் உட்கார்ந்தோம். பெண்ணின் நோட்டுப் புத்தகத்தில் நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். தாத்தாவின் அப்பாவுக்கு இரண்டு பெண்டாட்டி, மூத்தவளுக்கு மூன்று பிள்ளை, இளையவளுக்கு ஒன்று. அந்த மூத்தவள் வழியில் ஒரு பேரன், அதாவது பெண்ணுக்குப் பெரியப்பா முறை, செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்கும்போது விடியற்காலை மூன்று மணி. தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்தவர், தன் மகனுக்கு ஐந்து வருடம் முன்பு கோட்டாட்சியர் கையெழுத்தோடு 'இருளர்' என்று சான்றிதழ் வாங்கியிருப்பதாகச் சொன்னார். பூஞ்சேரியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2021 தீபாவளி நாளில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு நேரில் போய்ப் பட்டாவும் சான்றிதழும் கொடுத்தாரே, அந்தச் சமயமா என்று கேட்டேன். "அதெல்லாம் அவங்க. நாங்க முன்னயே நடந்து வாங்கனோம்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தச் சான்றிதழ் நகல், நோட்டுப் புத்தகத்தில் போட்ட வம்சாவளி, பெரியப்பாவின் வாக்குமூலம் மூன்றையும் சேர்த்துத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். இந்த முறை வருவாய் ஆய்வாளர் ஏரிக்கரைக்கு வந்தார். பதினோரு வீட்டையும் பார்த்தார், ஒரு வீட்டில் மோர் குடித்தார். உள்ளூர் சாட்சி ஒருவராவது இருந்தால் அறிக்கை பலமாக இருக்கும் என்றார்.

சாட்சி காலனியிலிருந்து வந்தார். பஞ்சாயத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி விடுகிறவர், ஐம்பது வயது. நான் அவரைக் கேட்கவே இல்லை. எங்கள் பட்டியலில் ஊர்ப் பெரியவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அது என் இன்னொரு குருட்டுத்தனம். அவராக வந்து, "தினம் தண்ணி உடறப்போ ஊருக்கு மொதல்ல, எங்களுக்கு அப்பால, கடைசியா இருக்கிறதைத்தான் இவங்களுக்கு உடச் சொல்லி எனக்கு ஆர்டர். இருபது வருசமா உடறேன். இவங்க யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். வருவாய் ஆய்வாளர் அதில் பாதியைத்தான் எழுதிக்கொண்டார். எந்தப் பாதி என்று நான் பார்க்கவில்லை.

சான்றிதழ் வந்த பிறகு

மே மாதம் வந்தது. பெண் பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். பன்னிரண்டுக்கு விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. முதல் வருடம் இரண்டு பஸ் மாறிப் போனதில் கணக்கில் மதிப்பெண் குறைந்திருக்கிறது, அதைச் சரிக்கட்ட ஒரு டீச்சர் உதவுகிறார். நர்ஸிங் படிக்க ஆசை. எலி பற்றி விடுதியிலும் யாரோ கேட்டிருக்கிறார்கள். "உங்க வீட்ல நண்டு சாப்பிடறதில்லையா?" என்று திருப்பிக் கேட்டதாக போனில் சொன்னாள்.

அந்தச் சான்றிதழைக் காட்டி ஏரிக்கரையில் இன்னும் இரண்டு குடும்பம் மனு போட்டிருக்கிறது. பிரதமரின் ஜன்மன் திட்டம், 2023 நவம்பரில் நலிவடைந்த பழங்குடிகளுக்காகத் தொடங்கியது, அதில் வீடு கிடைக்குமா என்று கணக்கெடுக்க வந்தவர்கள், நிலம் எங்கே என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மாற்று இடம் கேட்டு ஜமாபந்தியில் ஒரு மனு கொடுத்தோம். அது வேறு கதை, நீளமான கதை.

அண்ணன் விஷயம்தான் நான் முதலில் சொன்ன பாக்கி. சூளை வேலையில் முதுகு போய்விட்டது, ஐடிஐயில் சேர வேண்டும் என்கிறான். தங்கையின் சான்றிதழை வைத்து மனு போட்டோம். அதே அப்பா, அதே அம்மா, அதே கோட்டாட்சியர் முத்திரை. ஆனால் அவன் பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'ஆதி திராவிடர்' என்று இருக்கிறது. முதலில் பள்ளிப் பதிவைத் திருத்துங்கள் என்கிறது வருவாய்த் துறை. சாதிச் சான்றிதழ் இருந்தால் திருத்துகிறோம் என்கிறது பள்ளி. இரண்டு கடிதங்களையும் ஒன்றாகப் பின் அடித்து வைத்துவிட்டு வந்தேன். அதன் பலனாகத் தனி விசாரணை ஒன்று வைத்திருக்கிறார்கள்.

வருகிற வியாழக்கிழமை. நேற்று இரவு போன் செய்தான். தங்கச்சிக்கு அன்றைக்கு நடந்தது அவனுக்கும் தெரியும்.

"அக்கா, நல்ல சட்டை ஒண்ணு கீது. அத போட்டுக்கினு வரட்டுமா, இல்ல வேலைக்குப் போட்டுக்கற சட்டையா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.